பத்தாவது ஆள்

தடுப்பூசி அறைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே பயிற்சி நடந்திருக்கும். குளிர்பெட்டியில் எதை மேலே அடுக்குவது, வெப்பமானியை ஒரு நாளில் எத்தனை முறை பார்ப்பது, திறந்த குப்பியை எத்தனை மணி நேரத்துக்குள் தீர்ப்பது எல்லாம் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறிப்புகளில் சரிபாதி நான் எழுதிக் கொடுத்தவை. அச்சுப்பிழையைத் திருத்தச் சொல்லி மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுகிற ஆள் ஒருவர் ஒவ்வொரு துறையிலும் இருப்பார். எங்கள் துறையில் அது நான். ஆகவே செய்முறையைப் பற்றி இங்கே ஒரு வரியும் கிடையாது. குறிப்புகளில் நான் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். எழுதாததற்குக் காரணம் மறதி இல்லை. அதில் தவறு செய்தவன் நானே.

நான் மருந்தாளுநர். கடைசி ஒன்பது ஆண்டுகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். வெளியே வந்தால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். எங்கள் ஜன்னல் கம்பியைக் காலையில் துடைத்தால் மதியம் மறுபடியும் கரி படிந்திருக்கும். கொரோனா தடுப்பூசி வந்தபோது எனக்கு ஓய்வுபெற ஒரு வருடத்துக்குச் சற்று அதிகம் பாக்கி இருந்தது.

அந்தத் தடுப்பூசியின் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் நான்கு மணி நேரம். ஒருவர் மட்டும் வந்தார் என்று திறந்தால் மீதி ஒன்பது டோஸ் குப்பைக்குப் போகும். மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு வீணாக்கியது என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் நிலையத்துக்கு எதிரே எப்போதும் பூஜ்யம். கவனமாக உறிஞ்சினால் சில குப்பிகளில் பதினோராவது ஆளுக்கும் மருந்து இருக்கும். அந்த வகையில் ஒரு மாதம் பூஜ்யத்துக்கும் கீழே போனோம். "இவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார் அதிகாரி. எனக்கு முன்வரிசையில் காபி வந்தது.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று திரை காட்டாது. சாயங்காலம் மூன்றரை மணிக்குக் கடைசிக் குப்பியில் ஏழு பேர் ஆகியிருந்தால், மூன்று பேர் தேவை. நான் அமலாவை ரோட்டுக்கு அனுப்புவேன்.

அமலோற்பவம் என்பது முழுப்பெயர். அமலாக்கா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். நிலையத்தில் துப்புரவு வேலை, வரிசை ஒழுங்குபடுத்துவது, ஊசிக் கழிவு வாளியை எடுத்து வைப்பது, எனக்கு டீ வாங்கி வருவது எல்லாம் அவர். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோய் என்று எங்கள் பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் போய் நின்று கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் மருந்துக்காக வரவில்லை, அமலாக்காவின் முகத்துக்காக வந்தார்கள். எனக்கு அது பற்றிக் கவலை இல்லை. எனக்குத் தேவை பத்து.

ஒரு நாள் நானும் கேட் வரை வந்து நின்றேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டி மீன் விற்கிற தனம், கூடையில் தண்ணீர் தெளித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அமலாக்கா, இன்னிக்கு எத்தினி தல கொறையுது?"

"மூணு. நீ வந்தா ரெண்டு."

"தலைக்கு எவ்ளோ தர்றாரு உங்க சாரு?"

"அடி போடி. எனுக்கு டீயே நான்தான் வாங்கிக்கிறேன்."

"சும்மாவா இப்டி வெயில்ல நின்னு ஆளு புடிக்கிறே? சரி, அத்த உடு. நீ போட்டுக்கினியா?"

அமலா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள கீறவளுக்கே வோணாம்னா, வெளிய குந்தினுகீற எனுக்கு எதுக்குக்கா?" என்றார் தனம். பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோக்காரர் சிரித்தார். வருவதாக இருந்த ஒருவரும் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பேர்தான் கிடைத்தார்கள். பத்தாவது டோஸுக்கு ஒரு கூரியர்காரரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

உண்மையைச் சொல்வதானால், போட்டுக்கொள்ளாதவர் அமலா மட்டும் இல்லை. சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதலில் என்று பட்டியல் வந்தபோது எங்கள் நிலையத்தில் திடீரென்று பலருக்கும் ஏதோ ஒன்று வந்தது. ஒருவருக்கு ஒவ்வாமை. ஒருவருக்கு ரத்த அழுத்தம் சற்றே ஏறியிருந்தது. பகுதிநேரமாக வந்துபோகும் டாக்டர் ஒருவர், ஆய்வு முடிவுகளை முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். எங்கே படித்தார், எப்போது முடித்தார் என்று இன்றுவரை தெரியாது. படித்தவர்களின் தயக்கத்துக்கு ஒரு மருத்துவச் சொல் எப்படியாவது கிடைத்துவிடும். அமலாவிடம் அப்படி ஒரு சொல் இல்லை. ஆகவே அவர் பெயருக்கு எதிரே மட்டும் "மறுக்கிறார்" என்று எழுதினேன்.

எழுதியதோடு விடவில்லை. அவரை உட்காரவைத்து விளக்கினேன். உடம்பு கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது என்று தாளில் படம் போட்டேன். அமலா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றே கேட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சிது சார்."

"போட்டுக்கறீங்களா?"

"நாளைக்கி சார்."

இப்படிப் பல நாளைக்கிகள். ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்தேன். மறுநாள் அது என் டீ கிளாஸின் மேல் மூடியாக வந்தது. ஈ விழாமல் இருக்க நல்ல காகிதம்தான்.

இரண்டாவது அலை ஏறத் தொடங்கியிருந்த சமயம். நெடுஞ்சாலையில் லாரி ஹாரன்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் சத்தம் அடிக்கடி கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று குப்பிகள், சரியாக முப்பது பேர். மூன்றே முக்காலுக்குப் பெட்டியை மூடினேன். அமலா உள்ளே வந்தார். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தார். யாரும் கூப்பிடாமல் ஊசி போடும் நாற்காலியில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையை மேலே ஏற்றினார்.

"போட்டுடுங்க சார்."

எனக்குச் சந்தோஷம்தான். என் படம் வேலை செய்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இப்ப எப்படிங்க? ஒரு ஆளுக்காகப் புதுக் குப்பி திறக்கணும். நாளைக்குக் காலையில முதல் ஆளா உட்காருங்க."

"நாளைக்கி முடியாது சார்."

"இத்தனை நாள் போகல, ஒரு நாள்ல என்ன ஆயிடப் போவுது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நான் வோணா போயி ஆளுங்கள இட்டுகினு வரட்டா சார்?" என்றார்.

"ஒம்பது பேரா? மணியைப் பாருங்க."

அவர் மணியைப் பார்த்தார். ஜாக்கெட் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஊசி போடும் சிஸ்டர் என் பக்கம் ஒரு தரம் திரும்பிவிட்டு, கையுறையைக் கழற்றினார். அமலா கழிவு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது மின்விசிறியை அணைத்தார். ஆள் இல்லாத இடத்தில் விசிறி ஓடக்கூடாது என்று தினமும் சொல்பவன் நான். அன்றைய படிவத்தில் "வீணானவை" என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை சிஸ்டர் என் மேசைக்கு வந்தார். அவர் தூத்துக்குடிக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"சார், அமலாக்கா வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"உடம்பு சரியில்லாதவர்னு தெரியும்."

"அவ்வளவுதான் தெரியுமா?"

அவ்வளவுதான் தெரியும். ஏழெட்டு வருடம் ஒரே கட்டடத்தில். சிஸ்டர் சொன்னார். தேவசகாயம் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கியவர். நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போய் இரண்டு வருடமாகப் படுக்கை. சரிந்து படுத்துவிட்டால் மூச்சு முட்டும். மணிக்கொரு தரமோ இரண்டு தரமோ அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். கக்கூசுக்கும் தூக்கித்தான் போக வேண்டும். அமலா வேலைக்கு வரும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொள்வார், மற்ற நேரமெல்லாம் அமலா. ஊசி போட்டுக்கொண்ட எல்லோருக்கும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வருவதை அமலா தினமும் பார்க்கிறார். அமலா படுத்துவிட்டால் கணவரைத் தூக்குவது யார்?

"கொருக்குப்பேட்டைல இருக்கற தங்கச்சி ரெண்டு நாள் குடோன் வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்காங்க சார். நேத்தும் இன்னைக்கும். நாளைக்குக் காலைல கெளம்பிருவாங்க. நேத்து போட்டிருந்தா காய்ச்சல் இன்னைக்கோட போயிருக்கும். அதுக்காகத்தான் வந்து உக்காந்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். சொல்லிட்டே இருந்தீங்க."

இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எந்த நாளும் எங்கள் வாசலிலிருந்து அமலா கிருமியை வீட்டுக்குக் கொண்டு போகலாம். அந்த நுரையீரல் அதைத் தாங்காது. இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். போட்டுக்கொண்டால் இரண்டு நாள் கணவரைத் தூக்க ஆள் இல்லை, போட்டுக்கொள்ளாவிட்டால் ஒரேயடியாகத் தூக்க வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடித்து, முகம் கழுவி, பவுடர் போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரை நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன்.

இதை உங்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வீணாக்காதே என்று சுற்றறிக்கை சொன்னது. வந்த ஆளைத் திருப்பி அனுப்பு என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. குழந்தைகள் தடுப்பூசியில் ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான். பத்துப் பேர் சேராமல் திறப்பதில்லை என்பது நானாக எழுதிக்கொண்ட விதி. அதிகாரிக்குப் பயந்துகூட எழுதவில்லை. முன்வரிசைக் காபிக்காக எழுதினேன்.

அமலா பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"இன்னைக்குப் போட்டுக்குங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம, எனக்கு லீவு. திங்கக்கெழமையும் லீவு போட்டிருக்கேன். ரெண்டு நாளும், ராத்திரியும் சேர்த்து, உங்க வீட்டுக்காரரை நான் பார்த்துக்கறேன்."

அவர் குழாயை மூடினார். "நீங்களா?"

"ஆமா."

"சார், ரிஜிஸ்டர் நோட்ட மேல தூக்கி வெச்சாலே முதுவு புடிச்சிக்கினுச்சின்றீங்க."

"கத்துக்கறேன்."

"அவுரு வாயி சும்மா இருக்காது சார். அப்புறம் எங்கிட்ட வந்து கோச்சிக்கக் கூடாது."

அன்று முதல் குப்பியின் முதல் ஆள் அமலா. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. படி அவ்வளவு குறுகல். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "கேட்டு போட்டுட்டான்னா அர மணி நேரம் நிக்கணும், வரேங்க" என்று ரயில்வே கேட்டைப் பற்றிக் கவலைப்பட்டபடி இறங்கிப் போனார். அமலா மூலையில் பாயில் போர்த்திப் படுத்திருந்தார். நல்ல காய்ச்சல். தேவசகாயம் கட்டிலில் மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தார். தோள் எலும்பு மட்டும் பழைய சுமைக்காரருடையது. மீதியெல்லாம் வற்றிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் அவர் சரிந்தார். நான் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முகம் கறுத்து, அடங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"சாரு," என்றார், பேச மூச்சு வந்ததும். "நான் மூட்டை இல்ல. மூட்டையக் கூட நான் இத்தவிடப் பதமா எறக்குவேன்."

பாயிலிருந்து அமலாவின் குரல் வந்தது. "பின்னாடி போயி நில்லுங்க சார். ரெண்டு கக்கத்துலயும் கைய உட்டு, உங்க நெஞ்சோட சாச்சிக்கோங்க. ஒடனே தூக்கக் கூடாது. அவுரு மூச்ச இயுத்து வெளிய உடுவாரு இல்ல, உட்டதும் தூக்கணும். இயுக்கசொல்ல தூக்கினா இருமல் வந்துடும்."

மூச்சு வெளியே போகும் வரை காத்திருந்து தூக்க வேண்டும். நான் படித்த எந்தக் கையேட்டிலும் இது இல்லை. இரண்டாவது தடவை பாதி சரியாக வந்தது.

"நீதான் அந்தப் பத்து ஆளு சாரா?" என்று கேட்டார் தேவசகாயம்.

"ஆமா."

"எங்க ஹார்பர்ல டாலி கிளார்க்குன்னு மூட்ட எண்றவன் ஒருத்தன் இருப்பான். கப்பலாண்ட குடை புடிச்சினு நிப்பான். ஒரு மூட்டை கொறையக் கூடாது அவனுக்கு. தூக்கினு போறவன் வுயுந்தான்னா அது அவன் கணக்குல வராது."

"ஏங்க," என்றார் அமலா, போர்வைக்குள்ளிருந்து.

"சும்மா பேசினுகீறேன். சாரு கோச்சிக்க மாட்டாரு. இன்னா சாரு?"

கோபித்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். கஞ்சி கொடுத்தேன். பத்து மணிக்கு மேல் பேச்சு சகஜமானது. அவரும் போட்டுக்கொள்ளலாமே, ஆட்டோ வைத்து, நாலு பேரை வைத்துப் படியில் தூக்கி இறக்க ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"என்னிய இந்தப் படியில ஒரு தபாதான் தூக்கினு எறக்குவாங்க. அத்த இப்பவே பண்ணாதீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கும் பிளாஸ்டிக்ல சுத்தி, மூஞ்சி தெரியாதவன் எவனோ இட்டுகினு போகக் கூடாது சாரு. கீழ் வூட்டு ஆளு அப்டித்தான் போனான். பொண்டாட்டி மேலேருந்து எட்டிப் பாத்துகினே நின்னா. என்னோட அமலா கூட வரணும். எனுக்கு அவ்ளோதான்."

நான் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.

"நீ எப்ப போட்டுக்கினே சாரு? மொத ஆளா?" என்று கேட்டார், பேச்சை மாற்ற.

இதுவரை யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன். முதல் நாள் எங்கள் ஆட்களில் ஒன்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பத்தாவதாக வர வேண்டியவர் கைப்பேசியை அணைத்துவிட்டார். குப்பி திறந்தாகிவிட்டது. நானும் அதுவரை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். என்னிடமும் ரத்த அழுத்தம் என்று ஒரு சொல் தயாராக இருந்தது. கடைசியில் ஒரு டோஸ் வீணாகப் போகிறதே என்று கையை நீட்டினேன். பத்தாவது ஆள் நான்தான். தைரியத்துக்கும் அறிவியலுக்கும் அதில் சம்பந்தம் இல்லை.

தேவசகாயம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாயிற்று. நான் பின்னால் போய், கையைக் கொடுத்து, காத்திருந்து, தூக்கினேன். "இப்போ கரெக்ட்டு," என்றார்.

திங்கட்கிழமை மாலைக்குள் அமலா எழுந்துவிட்டார். அந்த அலை முழுக்க அவர் வேலைக்கு வந்தார்; இரண்டாவது ஊசிக்குத் தங்கை மறுபடியும் லீவு சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு எதையும் கொண்டு போகவில்லை. அது ஊசியாலா, முகக்கவசத்தாலா, மாதாவாலா என்று கேட்டால் அமலா மூன்றாவதைச் சொல்வார். நான் வாதம் செய்வதில்லை.

நான் மாற்றிக்கொண்டது ஒரு கேள்வியை. ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று யாரையும் கேட்பதை நிறுத்தினேன். அப்படிக் கேட்டால் மனிதர்கள் ஒரு காரணத்தைத் தேடி எடுத்துத் தருவார்கள், அது வாட்ஸாப்பில் வந்ததாக இருக்கும். நாளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எது நின்றுபோகும் என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே மருந்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களும் உண்டு, அவர்களிடம் மருந்தைப் பற்றிப் பேசலாம். ஆனால் யார் எந்த வகை என்பது கேட்டால்தான் தெரியும், படம் போட்டால் தெரியாது.

சில மாதம் கழித்து, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போடலாம் என்று உத்தரவு வந்தது. ஒரு வியாழக்கிழமை குளிர்பையைத் தூக்கிக்கொண்டு நானும் சிஸ்டரும் அந்தப் படியில் ஏறினோம். கதவருகே சிஸ்டர் தயங்கினார்.

"சார், இந்தப் பக்கம் இவர் ஒருத்தர்தான். பத்துப் பேர் பட்டியல் ஆகட்டும்னு நீங்கதானே எப்பவும்..."

"திறங்க சிஸ்டர்."

"மிச்சம் ஒம்பது சார்."

"எண்ணத் தெரியும். திறங்க."

வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். மீன் விற்கிற தனம் அந்த மாடியில்தான் குடியிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. அன்று அமலாவும் ஒருவரையும் கூப்பிடவில்லை. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருக்கு சார்?" என்றார் தனம்.

"தேவசகாயத்துக்கு."

"அவுருக்கு மட்டுமா? மீதி?"

"கொட்டிடுவோம்."

"இன்னிக்கு எங்கள கூப்புட மாட்டியா? தல கொறையலியா?"

"கொறையுது. பரவாயில்ல."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சிஸ்டர் ஊசியைப் போட்டார். தேவசகாயம் கண்ணைக்கூட மூடவில்லை. "கொசு கடிக்கிற மாரி," என்று வராந்தாவுக்கு அறிவித்தார்.

"காச்ச வருமா சார்?" என்று தனம் கேட்டார். இந்தக் கேள்வியை அதற்கு முன் அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவிட்டதில்லை.

"வரலாம். நாளைக்கு ஒரு நாள் முடியாம இருக்கலாம். உங்களுக்கு எந்த நாள் வியாபாரம் போனா பரவாயில்ல?"

"வெள்ளிக்கெழம யாரு சார் மீனு வாங்குவா? அன்னிக்கு நான் காசிமேட்டுப் பக்கமே போவ மாட்டேன்." அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "இன்னிக்கு வியாழன்தானே?"

"ஆமா."

"அப்போ போடு," என்று கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். அதற்கு மேல் வரவில்லை. நான் யாரையும் தேடிப் போகவில்லை. அன்றிலிருந்து வியாழக்கிழமை மாலை மீன்காரப் பெண்களுக்கு, சனிக்கிழமை கம்பெனி ஆட்களுக்கு என்று நாளை மாற்றி வைத்தோம். "தலைக்கு எவ்ளோ" என்று அதன் பிறகு யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. பத்தாவது ஆளைத் தெருவில் தேடிக்கொண்டு நாங்கள் அலைந்ததைப் பார்த்துத்தான் அந்தச் சந்தேகமே வந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாத இறுதியில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பூஜ்யமாக இருந்த நிலையத்தில் இது எப்படி நேர்ந்தது என்று கேட்டிருந்தார்கள். என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிகச் சிறிய பதில் அது: "ஆறு பேர் போட்டுக்கொண்டனர். நான்கு டோஸ் வீணாயின. மீண்டும் இவ்வாறு நிகழ வாய்ப்புண்டு." அடுத்த கூட்டத்தில் காபி பின்வரிசைக்குத்தான் வந்தது. ஆறியிருந்தது.

தேவசகாயம் அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது போய் அவரிடம் திட்டு வாங்கிவிட்டு வருவேன். ஒரு நாள் மதியம், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், அவருடைய பழைய நுரையீரலே போதும் என்று நின்றுவிட்டது. அமலா பக்கத்தில் இருந்தார்.

நான் போனபோது சவப்பெட்டி கீழே காத்திருந்தது. அந்தப் படித் திருப்பத்தில் பெட்டி திரும்பாது. மூன்றாவது மாடியிலிருந்து கையில்தான் தூக்கி இறக்க வேண்டும். துறைமுகத்துக் கூட்டாளிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சுமை தூக்கியவர்கள். யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது.

"தலப்பக்கம் சாரு புடிக்கட்டும்," என்றார் அமலா. "அவுருக்குதான் பயக்கம்."

அவர்கள் வழிவிட்டார்கள். நான் பின்னால் போய், இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, அவரை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். கால்பக்கம் பிடித்தவர்கள் தயாராகிவிட்டார்கள். நான் தூக்கவில்லை. எதற்காக நிற்கிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவர் மூச்சை வெளியே விடட்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

பிறகு தூக்கினோம். அமலா கடைசிப் படி வரை கூடவே இறங்கி வந்தார்.